எந்தக் கோப்பைப் படித்தாய்?

2021 ஜூலை மாதக் கடைசி. காலை நிகழ்ச்சி முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பாடல் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் கிள்ளான் பண்டமாரானிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். பாட்டுக் கேட்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன்.

“தங்காச்சி, நேத்தும் இதே நம்பரைத்தானே சொன்னீங்க? முந்தாநாளும் இதேதான். அப்ப கொரோனா ஏறலைதானே? மக வீடு ரெண்டு ரோடு தள்ளித்தான் இருக்கு. பேரப்பிள்ளையைக் கொண்டாந்து விடச் சொல்லலாமான்னு பார்க்கிறேன்.”

எனக்குச் சட்டென்று வியர்த்தது. அந்த நாள்களில் என் நிகழ்ச்சியில் தினமும் ஓர் எண்ணைச் சொல்லி வந்தேன். சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கடந்த ஏழு நாளில் பதிவான புதிய தொற்றுகளின் சராசரி அது. ஒரு நாள் ஏறி மறுநாள் இறங்கும் எண்ணைவிட ஏழு நாள் சராசரி நிலவரத்தைத் தெளிவாகக் காட்டும். அது மூன்று நாள் தொடர்ந்து ஒன்றுபோல வருவது நடக்காத காரியம். அதுவும் எண்கள் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்த சமயம். ஜூலை 13ஆம் தேதி நாட்டின் அன்றாடத் தொற்று 11,079. ஜூலை 25ஆம் தேதி 17,045. அதில் பெரும் பங்கு கிள்ளான் பள்ளத்தாக்கினுடையது.

“அம்மா, கொஞ்சம் பொறுங்க. சரிபார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் பிள்ளையை வரச் சொல்ல வேணாம்,” என்றேன்.

அந்த அம்மா காதால் கேட்டுப் பிடித்த தவற்றை நான் மூன்று நாளாகக் கண்ணால் பார்த்தும் பிடிக்கவில்லை. என் மடிக்கணினியில் நானே எழுதிய ஒரு சின்ன நிரல்தான் அந்த எண்ணைத் தந்தது. அது பழைய கோப்பையே படித்துக்கொண்டிருந்தது.

உள்ளே புதைத்த பெயர்

அந்த ஜூலையில்தான் நம் சுகாதார அமைச்சு கோவிட் தரவுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ‘கிட்ஹப்’ தளத்தில் திறந்துவிட்டது. நாட்டுக்கு ஒரு கோப்பு, மாநிலங்களுக்கு ஒரு கோப்பு, மருத்துவமனைப் படுக்கைகளுக்கு ஒன்று, தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. எல்லாமே சிஎஸ்வி கோப்புகள். காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் எழுத்துகளும் எண்களும்தான் அவற்றில் இருக்கும். மாநிலக் கோப்பில் ஒரு நாளுக்குப் பதினாறு வரிகள்: 13 மாநிலங்கள், 3 கூட்டரசுப் பிரதேசங்கள். கோப்பின் பெயர் ‘கேசஸ்_ஸ்டேட்.சிஎஸ்வி’. அந்தப் பெயர் மாறாது. உள்ளே புதிய நாளின் வரிகள் மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

ஊடகத்துறையில் பட்டம் வாங்கிய எனக்கு நிரல் எழுத யாரும் சொல்லித் தந்ததில்லை. ஊரடங்கில் வீட்டிலிருந்தபடி பைத்தான் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தேன். ஏழு நாள் சராசரி எடுக்க ஒரு செயற்கூறு எழுதினேன். ‘ஃபங்ஷன்’ என்று நாம் சொல்வதுதான் செயற்கூறு. ஒரு வேலையைச் செய்யும் வரிகளைக் கட்டி ஒரு பெயர் வைத்துவிடுவது. பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது வேலையைச் செய்து விடையைக் கையில் கொடுக்கும்.

பைத்தானின் ஆங்கிலச் சொற்களை இங்கே தவிர்க்கிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியின் சில சொற்களைக் கடன் வாங்கி, நான் எழுதியதைச் சுருக்கமாகக் காட்டுகிறேன்:

நிரல்பாகம் சராசரி( )
  தரவு = வாசி("கேசஸ்_ஸ்டேட்.சிஎஸ்வி")
  … கடைசி ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகு …
  பின்கொடு விடை
முடி

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. முதல் நாள் சரியான விடையையும் தந்தது. இரண்டாம் நாள் புதிய கோப்பைப் பதிவிறக்கினேன். அதே பெயரில் ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்ததால், என் கணினி புதியதன் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1 என்று சேர்த்துச் சேமித்தது. மறுநாள் 2. அதற்கு மறுநாள் 3. என் செயற்கூறு இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அதற்கு நான் சொல்லி வைத்த பெயர் ஒன்றுதான். அந்தப் பெயரில் இருந்ததோ முதல் நாள் கோப்பு. தினமும் அதையே திறந்தது, அதையே கூட்டியது, அதே விடையைத் தந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நிரலின் பார்வையில் எல்லாம் நலம்.

மாமா மகன் கேட்ட கேள்வி

மாமா மகன் ஒரு வங்கியில் தரவுப் பகுப்பாய்வாளர். கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானாவுக்குப் பக்கத்தில் வீடு. பிரிக்பீல்ட்சில் இருக்கும் எனக்குக் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அன்று எல்லை தாண்டத் தடை இருந்தது. வாட்ஸ்அப் காணொளியில்தான் பேசினோம். நிரலைத் திரையில் காட்டினேன். பார்த்துவிட்டு அவன் கேட்டது ஒரே கேள்வி.

“அக்கா, இந்த அடைப்புக்குறிக்குள்ள என்ன கொடுக்கிறீங்க?”

“ஒண்ணும் கொடுக்கல. கூப்பிட்டா போதும், சராசரி வந்துடும்.”

“அப்ப எதைப் படிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“உள்ளேயே எழுதி வச்சிருக்கேன் லா.”

“அதான் பிரச்சினை. சாமான் வாங்க ஆளை அனுப்புறீங்க, ஆனா பட்டியலை அவன் கையில கொடுக்கல. போன வருஷத்துப் பட்டியலை அவன் சட்டைப்பையில வச்சுத் தைச்சு விட்டிருக்கீங்க. அவன் தினமும் அதையே வாங்கிட்டு வர்றான்.”

கோப்பின் பெயரைச் செயற்கூறின் உள்ளே புதைக்காமல், கூப்பிடும்போது வெளியிலிருந்து கொடுக்க வேண்டும் என்பதே அவன் சொன்னது. அதற்குச் செயற்கூறின் வாசலில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் அளபுரு. அவன் சொல்லச் சொல்லத் திருத்தினேன்:

நிரல்பாகம் சராசரி(கோப்புப்பெயர், மாநிலம்)
  தரவு = வாசி(கோப்புப்பெயர்)
  … அந்த மாநிலத்தின் கடைசி ஏழு நாளைக் கூட்டி ஏழால் வகு …
  பின்கொடு விடை
முடி

கூப்பிடும்போது இப்படி:

சராசரி("கேசஸ்_ஸ்டேட் (3).சிஎஸ்வி", "சிலாங்கூர்")

மாற்றம் சிறியதுதான். ஆனால் இப்போது எந்தக் கோப்பு என்ற முடிவு என் கண்ணெதிரே, நான் கூப்பிடும் அதே வரியில் இருக்கிறது. நாளைக்கு வேறு கோப்பு என்றால் செயற்கூறைத் தொட வேண்டியதில்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், ஜொகூர் என்று எதைக் கொடுத்தாலும் அதே செயற்கூறு வேலை செய்யும். சோதித்துப் பார்ப்பதும் எளிது. நானே கையால் தட்டிய ஏழு வரிக் கோப்பு ஒன்றைக் கொடுக்கலாம். ஏழு நாளும் தொற்று 10 என்றால் சராசரி 10 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் கணக்கில் கோளாறு.

மேற்கோள் குறி செய்யும் வேலை

திருத்தியவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் இரண்டு இடங்களிலும் அன்றிரவே நானும் சறுக்கினேன்.

முதலாவது, மேற்கோள் குறி. உள்ளே வாசி(கோப்புப்பெயர்) என்று எழுதுவதற்குப் பதிலாக வாசி("கோப்புப்பெயர்") என்று எழுதிவிட்டேன். மேற்கோள் குறிக்குள் இருப்பதைக் கணினி எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளும். குறி இல்லாவிட்டால், அந்தப் பெயருள்ள பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும். குறி போட்டதால் ‘கோப்புப்பெயர்’ என்ற பெயரிலேயே ஒரு கோப்பைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று நின்றது. வாசலில் கூப்பிடும் வரியிலோ இதற்கு நேர்மாறு. அங்கே கோப்பின் உண்மையான பெயரைச் சொல்கிறோம், அதனால் குறி வேண்டும். குறி விட்டுப்போனால் அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று பைத்தான் புகார் சொல்லும்.

இரண்டாவது இன்னும் ஆபத்தானது. வாசலில் அளபுருவைச் சேர்த்தேன், ஆனால் உள்ளே பழைய வரியை ஓரிடத்தில் அழிக்க மறந்துவிட்டேன். செயற்கூறு நான் கொடுத்த பெயரைப் பணிவாக வாங்கிக்கொண்டது. வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பழையபடி முதல் நாள் கோப்பையே திறந்தது. பிழைச் செய்தி வரவில்லை. விடை வந்தது. அதே பழைய விடை.

இல்லாத கோப்பைக் கேளுங்கள்

“அக்கா, ஒரு சோதனை செய்ங்க,” என்றான் தம்பி. “உங்க கணினியில இல்லவே இல்லாத ஒரு பேரைக் கொடுங்க. ‘பிசாங்_கோரேங்.சிஎஸ்வி’ன்னு கொடுங்க.”

கொடுத்தேன். என் செயற்கூறு சற்றும் தயங்காமல் சிலாங்கூரின் சராசரியைச் சொன்னது.

இருவரும் சிரித்தோம். ஆனால் எனக்கு உள்ளூர நடுக்கம். இல்லாத பிசாங் கோரேங் கோப்பிலிருந்து கொரோனா எண்ணைச் சொல்லும் நிரலை நம்பித்தான் மூன்று நாள் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்திருக்கிறேன்.

இதுவரை கற்றதில் எனக்கு அதிகம் உதவியது இந்தச் சோதனைதான். இல்லாத பெயரைக் கொடுத்தால் நிரல் நின்று, ‘அப்படி ஒரு கோப்பு கிடைக்கவில்லை’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், நீங்கள் கொடுக்கும் பெயரை அது பயன்படுத்தவே இல்லை. இதற்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது. பிழைச் செய்தி சிவப்பு எழுத்தில் வந்தாலே பயந்துவிடும் வழக்கம் நமக்கு. அன்றிலிருந்து சிவப்பு எழுத்து வராதபோதுதான் எனக்குப் பயம்.

பழைய வரியை அழித்தேன். மறுபடி பிசாங் கோரேங் கொடுத்தேன். சிவப்பு எழுத்து வந்தது. அதன் பிறகுதான் உண்மையான கோப்பைக் கொடுத்தேன். வந்த சராசரி, நான் மூன்று நாளாகச் சொன்னதைவிட அதிகம்.

மறுநாள் காலை நிகழ்ச்சியின் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொன்னேன்: “கடந்த மூன்று நாளாக நான் சொன்ன சராசரி பழைய கணக்கு. தவறு என்னுடையது. நேற்று வரையிலான சரியான எண் இது.” பண்டமாரான் அம்மாவுக்குத் தனியாக அழைத்தும் சொன்னேன். “அதான் நானும் நெனச்சேன்,” என்றார். பேரப்பிள்ளை அவரவர் வீட்டிலேயே இருந்தது.

எந்தத் தாமானின் ஜாலான் கெனாங்கா?

பெயரைக் கொடுத்தால் மட்டும் போதாது, எங்கிருந்து தேடுவது என்பதும் உண்டு. ‘கேசஸ்_ஸ்டேட்.சிஎஸ்வி’ என்று வெறும் பெயரைக் கொடுத்தால், நிரல் அந்த நேரத்தில் எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டிருக்கிறதோ அங்கேதான் தேடும். வீட்டு முகவரியில் ‘எண் 12, ஜாலான் கெனாங்கா’ என்று மட்டும் எழுதுவது போன்றது இது. கெனாங்கா பூவின் பெயரில் சாலை எத்தனையோ தாமான்களில் இருக்கிறது. தபால்காரர் நிற்கும் தாமானில் அப்படி ஒரு வீடு இருந்தால் கடிதம் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடும். யார் வீடு என்று அவர் கேட்கமாட்டார்.

வீட்டில் சரியாக ஓடிய நிரல் அலுவலகக் கணினியில் கோப்பைக் காணோம் என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கோப்பைக் காணோம் என்று சொன்னாலாவது தப்பித்தோம். அலுவலகக் கணினியிலும் அதே பெயரில் யாரோ எப்போதோ இறக்கிவைத்த பழைய கோப்பு இருந்தால், அது வாய் திறக்காமல் அதைப் படித்துவிடும்.

தாமான், நகரம், அஞ்சல் எண் எல்லாம் சேர்த்து எழுதுவது போல, கோப்புறையிலிருந்து தொடங்கி முழுப் பாதையையும் கொடுப்பது ஒரு வழி. பைத்தானில் தரவு வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் ‘பாண்டாஸ்’ தொகுப்பில் இன்னொரு வசதி உண்டு. கோப்பின் பெயர் கேட்கும் இடத்தில் அதன் இணைய முகவரியையே கொடுக்கலாம். அமைச்சின் கோப்பை ஒவ்வொரு முறையும் அதன் இருப்பிடத்திலிருந்தே நேராகப் படிக்கும். அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்ற தொல்லையே இல்லை. இதற்காக என் செயற்கூறில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. பெயர் வெளியிலிருந்து வருவதால், பெயருக்குப் பதில் முகவரி வந்தாலும் அது ஏற்றுக்கொண்டது.

ஹவாயில் வந்த வேறு வேறு விடை

நான் ஒரு கோப்பில் தடுக்கி விழுந்தேன். பல கோப்புகளை ஒன்றாகக் கொடுக்கும்போது விஞ்ஞானிகளும் விழுந்திருக்கிறார்கள்.

2019ஆம் ஆண்டு ஹவாய் பல்கலைக்கழகத்தில் நீலப்பச்சைப் பாசி ஒன்றிலிருந்து கிடைத்த சேர்மங்களை ஆராய்ந்தார்கள். மூலக்கூறின் வடிவத்தை உறுதிசெய்ய, ஆய்வகத்தில் அளந்த எண்களைக் கணினி கணக்கிட்டுத் தரும் எண்களோடு ஒப்பிடுவது வழக்கம். அதற்கு, மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் 2014இல் வெளியிட்ட பைத்தான் நிரலைப் பயன்படுத்தினார்கள். ‘வில்லோபி–ஹாய்’ நிரல் என்று அதற்குப் பெயர். அதே நிரல், அதே கோப்புகள். ஆனால் விண்டோஸ் 10 கணினியில் 173.2 என்று வந்த விடை, உபுண்டு கணினியில் 172.4 என்றும், புதிய மேக் கணினியில் 172.7 என்றும் வந்தது.

கணக்கில் பிழை இல்லை. நிரல் ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயர்களையெல்லாம் திரட்டி, இரண்டு வகைக் கோப்புகளை ஜோடி சேர்த்துக் கணக்கிட்டது. பெயர்கள் ஒழுங்கான வரிசையில் வரும் என்று எதிர்பார்த்தது. ஆனால் கோப்புறையிலிருந்து பெயர்களைத் திரட்டித் தரும் பைத்தான் வசதி வரிசைக்கு உத்தரவாதம் தருவதில்லை. அது கணினிக்குக் கணினி மாறும். ஒன்றின் மாப்பிள்ளைக்கு இன்னொன்றின் பெண் என்று ஜோடி மாறிவிட்டது. அந்த நிரலைப் பயன்படுத்திய 150க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம் என்ற பேச்சு அப்போது எழுந்தது. தீர்வு என்னவோ சிறியதுதான்: பெயர்களைக் கொடுக்கும் முன் வரிசைப்படுத்திவிடுவது.

வரிசைப்படுத்தும்போது நாம் வைக்கும் பெயரும் உதவ வேண்டும். 30-7-2021 என்று நாளை முன்னால் வைத்தால், ஜூலை 30க்கு முன்னால் ஆகஸ்ட் 1 வந்து நிற்கும். 2021-07-30 என்று ஆண்டு, மாதம், நாள் என எழுதினால், அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். அதே போல 1, 2, 10 என்று எண்ணிட்டால் கணினி 1, 10, 2 என்று அடுக்கும். 01, 02, 10 என்று எழுதினால் தொல்லை இல்லை. குடும்பப் படங்களைக் கணினியில் சேமிப்பவர்களுக்கும் இது உதவும்.

‘கோலாலம்பூர்’ காணாமல் போன கதை

கடைசியாக, தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல். சென்ற ஆண்டு நிகழ்ச்சிக்காக வட்டாரவாரியாகக் கோயில் திருவிழாத் தேதிகளைத் தொகுத்தோம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கோப்பு. பெயர்களைத் தமிழிலேயே வைத்தோம்: கிள்ளான், காஜாங், கோலாலம்பூர், ஈப்போ. சக அறிவிப்பாளர் தன் பழைய மேக் கணினியிலிருந்து எல்லாவற்றையும் ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பினார். என் விண்டோஸ் கணினியில் கிள்ளானும் காஜாங்கும் திறந்தன. கோலாலம்பூரும் ஈப்போவும் ‘கிடைக்கவில்லை’. ஆனால் கோப்புறையில் கண்ணுக்கு எதிரே இரண்டும் இருந்தன! எழுத்துப் பிழை ஏதும் இல்லை.

காரணம் ‘கோ’, ‘போ’ என்ற எழுத்துகளில் இருந்தது. யூனிகோடு முறையில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரமும் ஓகாரக் குறியும் என இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். அல்லது ககரம், ஏகாரத்தின் இரட்டைக் கொம்பு, பின்னால் வரும் கால் என மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். நான் என் நிரலில் தட்டியதோ சேர்ந்த வடிவம். கணினிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். ஒகர, ஓகார, ஔகாரக் குறி உள்ள எழுத்துகளில் இந்தத் தொல்லை உண்டு. கிள்ளானிலும் காஜாங்கிலும் அந்தக் குறிகள் இல்லை, தப்பித்தன.

இதற்கும் மருந்து உண்டு. பைத்தானில் யூனிகோடு எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. ஒப்பிடும் முன் இரண்டு பெயர்களையும் அதில் போட்டு எடுத்துவிட்டால் போதும். இன்னும் எளிதான வழி, பெயரைக் கையால் தட்டாமல், கோப்புறையில் இருக்கும் பெயர்களைப் பட்டியலாக வாங்கி அதையே செயற்கூறுக்குக் கொடுத்துவிடுவது. இருக்கும் பெயரையே கொடுப்பதால் காணாமல் போகாது.

கணினியில் தமிழ் என்றால் நாம் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ 1985இல் இதே மலேசியாவில்தான் தொடங்கியது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் நடந்தது. தமிழில் பெயர் வைத்தால் சிக்கல் வரும் என்று ஆங்கிலத்துக்கு ஓடுவதைவிட, சிக்கல் எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒலிவாங்கிக்கு முன்

மாநில எல்லை தாண்டும் தடை 2021 அக்டோபர் 11இல் நீங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி பிரிக்பீல்ட்ஸ் வந்தான். ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே என் நிரலை மறுபடி பார்த்தான். ஒரே ஒரு மாற்றம் சொன்னான்.

“விடையை மட்டும் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீங்க அக்கா. எந்தக் கோப்பைப் படிச்சது, அதுல கடைசித் தேதி எது, இது ரெண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்க.”

அன்று முதல் என் நிரல் எண்ணைச் சொல்லும் முன் இரண்டு வரி சொல்லும்: படித்த கோப்பு இது, கடைசித் தேதி இது. அந்தத் தேதி நேற்றையது இல்லையென்றால் நான் எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஜூலையில் இது மட்டும் இருந்திருந்தால் இரண்டாம் நாளே பிடிபட்டிருக்கும்.

இப்போது கொரோனா எண்கள் இல்லை. ஆனால் புதன்கிழமை மாலை அரசாங்கம் பெட்ரோல் விலையை அறிவித்ததும், மறுநாள் காலை நிகழ்ச்சிக்கு அதே செயற்கூறின் இன்னொரு வடிவம் வேலை செய்கிறது. அரசின் திறந்த தரவுத் தளத்தில் எண்ணெய் விலை, மக்கள் தொகை, ரயில் பயணிகள் எண்ணிக்கை என்று எத்தனையோ கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டில் நிரல் கற்கும் பிள்ளை இருந்தால் பெட்ரோல் விலையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அப்பாவின் காருக்கு இந்த வாரம் எவ்வளவு கூடும் என்று அவனோ அவளோ கணக்கிட்டுச் சொல்லட்டும்.

சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று. எந்தக் கோப்பைப் படித்தாய்? அதில் கடைசித் தேதி எது? இல்லாத பெயரைக் கொடுத்தால் உன் நிரல் என்ன சொல்கிறது? நிரல் தெரியாத பெற்றோரும் இவற்றைக் கேட்கலாம். அலுவலகத்தில் யாராவது ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து மேசையில் வைக்கும்போது நீங்களும் முதல் இரண்டைக் கேட்கலாம்.

நான் ஒலிவாங்கியில் ஓர் எண்ணைச் சொல்லும்போது இன்றும் தேதியை முதலில் சொல்கிறேன். பண்டமாரான் அம்மா அதற்குப் பிறகும் இரண்டு, மூன்று முறை அழைத்தார். ஒருமுறை, “இப்பல்லாம் எந்தத் தேதி வரைக்கும்னு சொல்லிட்டுச் சொல்றீங்க. அது நல்லா இருக்கு தங்காச்சி,” என்றார். பிறகு ஒரு பழைய பாட்டுக் கேட்டார். போட்டேன்.